சிந்தியாவின் கட்சி மாற்றமும் சட்டத்தின் மௌனமும்

புது தில்லி: மத்தியப் பிரதேசத்தின் குணா மக்களவைத் தொகுதியில் 2024-ம் ஆண்டு நடந்த போட்டியை அரசியல் நோக்கர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். பாரதிய ஜனதா வேட்பாளர் ஜோதிராதித்ய சிந்தியா, நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை காங்கிரஸின் முன்னணித் தலைவர். அவரை எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் ராவ் யாதவேந்திர சிங் யாதவ், ஓராண்டுக்கு முன்புவரை பாஜகவில் இருந்தவர். இவருடைய தந்தை தேஷ்ராஜ் சிங் யாதவ், 2002 இடைத்தேர்தலில் இதே குணாவில் இதே சிந்தியாவை எதிர்த்து பாஜக சார்பில் நின்றவர். சின்னங்கள் இடம் மாறிவிட்டன. குடும்பங்கள் மட்டும் மாறவில்லை.

அந்தத் தேர்தலில் 5,40,929 வாக்குகள் வித்தியாசத்தில் சிந்தியா வென்றார். 2019-ல் காங்கிரஸ் வேட்பாளராக நின்று 1,25,549 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்ற அதே தொகுதி இது. கட்சி மாறிய தலைவரை வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை என்கின்றனர் அவருடைய ஆதரவாளர்கள். ஆனால் அவருடைய கட்சி மாற்றம் எழுப்பிய கேள்வி ஒரு தொகுதியின் வெற்றி தோல்வியோடு முடிந்துவிடக் கூடியதல்ல. மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அரசு, இன்னொரு தேர்தலைச் சந்திக்காமலேயே கவிழ்ந்து வேறோர் அரசு அமைந்தது. கட்சித் தாவலைத் தடுக்கவென்றே இயற்றப்பட்ட சட்டம் அதைத் தடுக்கவில்லை. இந்த இரண்டும் எப்படி நடந்தன என்பதே ஆராயப்பட வேண்டியது.

மூன்று தலைமுறை

குவாலியர் அரச குடும்பத்துக்குக் கட்சி மாற்றம் புதிதல்ல. ஜோதிராதித்யாவின் பாட்டி விஜயராஜே சிந்தியா 1957-ல் குணாவிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராகவே மக்களவைக்குச் சென்றவர். முதல்வர் டி.பி. மிஸ்ராவுடன் ஏற்பட்ட மோதலால் 1967 தேர்தலுக்கு முன் காங்கிரஸை விட்டு விலகினார். அதே ஆண்டு ஜூலையில் முப்பதுக்கும் மேற்பட்ட காங்கிரஸ் பேரவை உறுப்பினர்கள் கட்சி தாவியதில் மிஸ்ரா அரசு கவிழ்ந்தது. தாவியவர்களுக்குத் தலைமை வகித்த கோவிந்த் நாராயண் சிங் முதல்வரானார். இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1969 மார்ச்சில் அவர் பதவி விலகி காங்கிரஸுக்கே திரும்பினார்.

விஜயராஜே பின்னர் ஜனசங்கத்திலும் பாரதிய ஜனதாவிலும் முதன்மைத் தலைவர்களில் ஒருவராக விளங்கினார். அவருடைய மகன் மாதவராவ் 1971-ல் ஜனசங்கத்தின் சார்பில் குணாவில் வென்று மக்களவைக்குள் நுழைந்தார். 1977-ல் சுயேச்சையாக வென்றார். 1980-ல் காங்கிரஸ் உறுப்பினராக வென்றார். 1984-ல் குவாலியரில் அடல் பிகாரி வாஜ்பாயையே தோற்கடித்தார். ஹவாலா விவகாரத்தையொட்டி 1996-ல் காங்கிரஸிலிருந்து விலகி, மத்தியப் பிரதேச விகாஸ் காங்கிரஸ் என்ற தனிக் கட்சி கண்டு குவாலியரில் வென்றார்; பின்னர் தாய்க் கட்சிக்குத் திரும்பினார். தாயும் மகனும் எதிரெதிர் முகாம்களில் நின்ற காலத்திலும், அந்தப் பகுதியின் வாக்குகள் பெரும்பாலும் அரண்மனையைச் சுற்றியே இருந்தன.

2001-ல் ஜனவரியில் விஜயராஜேயும், செப்டம்பர் 30-ம் தேதி உத்தரப் பிரதேசத்தின் மைன்புரி அருகே நிகழ்ந்த விமான விபத்தில் மாதவராவும் மறைந்தனர். அந்த வெற்றிடத்தில்தான் 31 வயது ஜோதிராதித்யா 2002 இடைத்தேர்தலில் குணாவில் நிறுத்தப்பட்டு வென்றார். 2004, 2009, 2014 என்று தொடர்ந்து அவரே வென்றார். மன்மோகன் சிங் அமைச்சரவையில் தகவல் தொடர்பு, வர்த்தகம் ஆகிய துறைகளின் இணையமைச்சராக இருந்து, 2012-ல் மின்துறையின் தனிப்பொறுப்பு அமைச்சரானார். 2014-ல் காங்கிரஸ் நாடு முழுவதும் 44 இடங்களாகச் சுருங்கியபோது, மத்தியப் பிரதேசத்தில் அக்கட்சி வென்ற இரண்டே தொகுதிகளில் குணா ஒன்று. கமல்நாத்தின் சிந்த்வாரா மற்றொன்று. பின்னாளில் ஒருவரையொருவர் வீழ்த்தப்போகும் இருவர் மட்டுமே அன்று அம்மாநிலத்தில் காங்கிரஸின் மானத்தைக் காத்தவர்கள்.

விரிசலின் தொடக்கம்

2018 சட்டப்பேரவைத் தேர்தலில் கமல்நாத் மாநிலக் காங்கிரஸ் தலைவர். சிந்தியா பிரசாரக் குழுத் தலைவர். 'மன்னியுங்கள் மகாராஜா, எங்கள் தலைவர் சிவராஜ்' என்ற முழக்கத்தையே பாஜக அன்று முன்வைத்தது. அதாவது, முதல்வர் வேட்பாளராக அறிவிக்கப்படாத சிந்தியாவைத்தான் ஆளுங்கட்சி தன் முதன்மை எதிரியாகக் கருதியது. முடிவில் 230 இடங்களில் காங்கிரஸ் 114 இடங்களையும், பாஜக 109 இடங்களையும் பெற்றன. குவாலியர் - சம்பல் பகுதியின் 34 தொகுதிகளில் 26 காங்கிரஸுக்குக் கிடைத்தன. அந்த 26-க்கான பெருமை சிந்தியாவுக்கே உரியது என்று அவருடைய அணியினர் கூறினர். ஆனால் முதல்வர் நாற்காலி கமல்நாத்துக்குப் போனது.

மாநிலத் தலைவர் பதவியும் கமல்நாத்திடமே நீடித்தது. சிந்தியாவோ 2019 ஜனவரியில் மேற்கு உத்தரப் பிரதேசப் பொறுப்புடன் அகில இந்தியப் பொதுச் செயலாளராக்கப்பட்டார். காங்கிரஸுக்கு அங்கே வேர் இல்லை. அடுத்த சில மாதங்களில் சொந்தத் தொகுதியே கைநழுவியது. குணாவில் அவரைத் தோற்கடித்த பாஜகவின் கே.பி. யாதவ், ஒருகாலத்தில் அவருக்கே தொகுதிப் பிரதிநிதியாக இருந்தவர். காங்கிரஸில் பேரவைத் தேர்தல் வாய்ப்பு மறுக்கப்பட்டதால் பாஜகவுக்குச் சென்றவர்.

முதல்வர் பதவி இல்லை, கட்சித் தலைமை இல்லை, மக்களவை இடமும் இல்லை என்ற நிலையில் மாநிலங்களவைத் தேர்தல் நெருங்கியது. அதிலும் உறுதியான இடம் தமக்குக் கிடைக்குமா என்ற ஐயம் அவருடைய அணியில் வலுத்தது. 2020 பிப்ரவரியில், தேர்தல் அறிக்கையின் வாக்குறுதிகள் நிறைவேறாவிட்டால் கௌரவ ஆசிரியர்களுடன் தாமும் வீதியில் இறங்கப்போவதாக சிந்தியா பேசினார். இறங்கட்டும் என்ற பொருளில் கமல்நாத் பதிலளித்தார். காங்கிரஸின் தேசியத் தலைமை இருவரையும் அழைத்துப் பேசி முடித்திருக்க வேண்டிய பூசல் அது. தலைமை அவ்வாறு செய்ததற்கான அடையாளம் எதுவும் வெளியே தெரியவில்லை.

2020 மார்ச் 10-ம் தேதி, மாதவராவின் 75-வது பிறந்த நாளில், பிரதமர் நரேந்திர மோடியைச் சந்தித்தபின் சிந்தியாவின் விலகல் கடிதம் வெளியானது. மறுநாள் பாஜகவில் சேர்ந்தார். ஆறு அமைச்சர்கள் உள்பட 22 காங்கிரஸ் பேரவை உறுப்பினர்கள் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அவர்களில் பெரும்பாலோர் அப்போது பெங்களூரில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். வாக்கெடுப்பு நடத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாக்கெடுப்புக்கு முன்பே, மார்ச் 20-ம் தேதி கமல்நாத் ராஜிநாமா செய்தார். 23-ம் தேதி சிவராஜ் சிங் சௌஹான் மீண்டும் முதல்வரானார். மறுநாள் இரவு நாடு முழுவதும் பொது முடக்கம் அறிவிக்கப்பட்டதால், அரசியலில் இதன் பொருள் என்ன என்று நின்று யோசிக்க எவருக்கும் நேரமில்லாமல் போயிற்று.

சட்டம் ஏன் தொடவில்லை?

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல் 52-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் பத்தாவது அட்டவணையாகச் சேர்க்கப்பட்டது. தன் விருப்பத்தால் கட்சியைக் கைவிடும் உறுப்பினரும், கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினரும் பதவி இழப்பர் என்பது அதன் சாரம். தொடக்கத்தில், கட்சியின் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது பிளவாகக் கருதப்பட்டு அவர்கள் தப்பினர். 2003-ல் நிறைவேறிய 91-வது திருத்தம் அந்த வழியை அடைத்தது. மூன்றில் இரண்டு பங்கினர் மற்றொரு கட்சியுடன் இணைந்தால் மட்டுமே இப்போது பாதுகாப்பு உண்டு.

மத்தியப் பிரதேசத்தில் காங்கிரஸின் 114 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 76 பேர். சிந்தியாவிடம் இருந்ததோ 22 பேர். இணைப்பு என்ற வாயில் அவர்களுக்குத் திறக்கவில்லை. கட்சிக்கு எதிராக வாக்களித்தால் பதவி போகும். எஞ்சிய ஒரே வழி, பதவியைத் தாங்களே விட்டுவிடுவது.

பேரவையில் அப்போது இரண்டு இடங்கள் காலியாக இருந்ததால் மொத்த எண்ணிக்கை 228. இருபத்திரண்டு பேர் விலகியதும் அது 206 ஆகக் குறைந்தது. பெரும்பான்மைக்குத் தேவை 104. பாஜகவிடம் 107 பேர் இருந்தனர். எவரும் பாஜகவுக்கு ஆதரவாக வாக்களிக்கத் தேவையே எழவில்லை. அவைக்கு வராமல் போனாலே போதுமானதாக இருந்தது. கூட்டி வெல்ல முடியாத இடத்தில் கழித்து வென்றனர்.

இந்த உத்தியும் புதிதன்று. கர்நாடகத்தில் 2008-லேயே எதிர்க்கட்சி உறுப்பினர்களைப் பதவி விலகச் செய்து, தங்கள் சின்னத்தில் மீண்டும் நிறுத்தும் முறையை பாஜக கையாண்டது. அதே மாநிலத்தில் 2019-ல் 17 உறுப்பினர்களால் குமாரசாமி அரசு கவிழ்ந்தது. பேரவைத் தலைவர் அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார். அது செல்லும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், பேரவைக் காலம் முடியும்வரை போட்டியிடக் கூடாது என்ற பகுதியை மட்டும் ரத்து செய்தது. இடைத்தேர்தல் நடந்த 15 இடங்களில் 12-ஐ பாஜக வென்றது. போபாலில் பின்பற்றப்பட்ட வரைபடம் பெங்களூரில் மூன்று மாதங்களுக்கு முன் சோதித்துப் பார்க்கப்பட்டதே.

சிந்தியாவைப் பொருத்தவரை சட்டம் இன்னும் தொலைவில் நின்றது. அவர் அப்போது எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர். இழக்க ஓர் இடம் இல்லாதவரைத் தகுதிநீக்கம் செய்வது எப்படி? ஓர் அரசைக் கவிழ்த்த நிகழ்ச்சியின் மையப் புள்ளியாக இருந்தவருக்குப் பத்தாவது அட்டவணையில் ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. 2020 ஜூனில் அவர் பாஜக சார்பில் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

முதலில் பதவி, பிறகு தேர்தல்

பதவி விலகி மக்களிடம் திரும்பிச் செல்வது நேர்மையான செயல் அல்லவா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. கட்சியை மாற்றிக்கொண்டு இடத்தை மட்டும் வைத்துக்கொள்வதைவிட அது மேலானது. ஆனால் மத்தியப் பிரதேசத்தில் வரிசை தலைகீழாக இருந்தது. 2020 ஜூலை தொடக்கத்தில் சௌஹான் அமைச்சரவையில் இருந்த 34 பேரில் 14 பேர் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லாத முன்னாள் காங்கிரஸார். உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம்வரை அமைச்சராக இருக்கலாம் என்ற அரசியல் சட்ட விதி இதற்குக் கைகொடுத்தது. துளசி சிலாவட், கோவிந்த் சிங் ராஜ்புத் ஆகிய இருவரும் ஆறு மாத வரம்பு முடிந்ததால் வாக்குப்பதிவுக்குச் சில நாள்களே இருக்கும்போது பதவி விலக நேர்ந்தது. மற்றவர்கள் அமைச்சர்களாகவே வாக்குக் கேட்டனர். தகுதிநீக்கம் செய்யப்பட்டவர் மீண்டும் வெல்லும்வரை அமைச்சராகக் கூடாது என்று 91-வது திருத்தம் விதித்திருக்கிறது. ஆனால் அவர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டவர்கள் அல்லர், தாமாக விலகியவர்கள். எனவே அந்த விதி அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை.

2020 நவம்பரில் 28 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. மூன்று இடங்கள் உறுப்பினர் மறைவால் காலியானவை. மற்ற 25-ம் காங்கிரஸிலிருந்து விலகியவர்களுடையவை. பாஜக 19 இடங்களை வென்று தனிப் பெரும்பான்மை பெற்றது. கட்சி மாறிய 25 பேரில் 18 பேர் வென்றனர். ஏழு பேர் தோற்றனர். தோற்றவர்களில் இமர்தி தேவி, கிர்ராஜ் தண்டோதியா, அயிதல் சிங் கன்சானா என்று மூன்று அமைச்சர்களும் அடக்கம்.

அதன்பின் வந்த தீர்ப்புகள் ஒரே திசையில் இல்லை. 2022-ல் சிந்தியாவின் கோட்டையான குவாலியரிலேயே மேயர் பதவியை 57 ஆண்டுகளுக்குப் பிறகு பாஜக இழந்தது. 2023 பேரவைத் தேர்தலில் பாஜக 163 இடங்களுடன் மாநிலத்தை அள்ளியது. குவாலியர் - சம்பல் பகுதியிலோ பாஜக 18, காங்கிரஸ் 16 என்று போட்டி கிட்டத்தட்ட சமமாக முடிந்தது. சிந்தியாவுடன் 2020-ல் செல்லாமல் காங்கிரஸிலேயே தங்கிய அவருடைய பழைய ஆதரவாளர் ராம்நிவாஸ் ராவத், 2024-ல் பாஜக பக்கம் சாய்ந்து, முதலில் அமைச்சராகி, பிறகு பேரவை இடத்தை விட்டு, விஜய்பூர் இடைத்தேர்தலில் தோற்றார். வாக்காளர் கட்சித் தாவலை எப்போதும் மன்னிப்பார் என்ற கணக்கும் தவறு, எப்போதும் தண்டிப்பார் என்ற நம்பிக்கையும் தவறு.

லாபமும் விலையும்

பாஜகவில் சிந்தியா பெற்றவை வெளிப்படையானவை. 2021 ஜூலையில், தந்தை ஒருகாலத்தில் வகித்த விமானப் போக்குவரத்துத் துறையையே பெற்று மத்திய கேபினட் அமைச்சரானார். 2024 ஜூனில் தகவல் தொடர்புத் துறையுடன் வடகிழக்கு மாநிலங்கள் மேம்பாட்டுத் துறையும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பின்னால் அதே பாதையில் வந்தவர்களும் உண்டு. ஜிதின் பிரசாதா 2021-லும், ஆர்.பி.என். சிங் 2022-லும் பாஜகவில் சேர்ந்தனர். ராஜஸ்தானில் 2020 ஜூலையில் கலகக் கொடி உயர்த்திய சச்சின் பைலட், எண்ணிக்கை போதாமல் காங்கிரஸிலேயே தங்கினார். ஒரே தலைமுறை, ஒரே வகைக் குறை. முடிவை நிர்ணயித்ததில் கொள்கையைவிட எண்ணிக்கைக்கே பங்கு அதிகம் என்று தோன்றுகிறது.

விலை கொடுத்தவர்கள் வேறு. மத்தியப் பிரதேசத்தில் பல ஆண்டுகள் அரண்மனையை எதிர்த்தே பாஜக வளர்த்த தொண்டர்கள், தாங்கள் எதிர்த்தவர்களுக்காகவே சுவரொட்டி ஒட்ட நேர்ந்தது. அவர்களில் முதலாமவர் கே.பி. யாதவ். 2019-ல் சிந்தியாவை வீழ்த்திய அந்த உறுப்பினருக்கு 2024-ல் வாய்ப்பு மறுக்கப்பட்டு, அவருடைய தொகுதி சிந்தியாவுக்கே கொடுக்கப்பட்டது. சிந்தியா மக்களவைக்குச் சென்றதால் காலியான மாநிலங்களவை இடம் அவருக்குக் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அது கேரளத்தைச் சேர்ந்த மத்திய இணையமைச்சர் ஜார்ஜ் குரியனுக்குப் போனது. பெரியவர் கட்சி மாறினால் அரசே மாறுகிறது; சிறியவர் கட்சி மாறினால் பெரியவர் திரும்பி வரும்வரை இடத்தைக் காத்துக் கொடுக்கிறார்.

காங்கிரஸும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. துரோகி என்று சிந்தியாவைச் சாடிய அக்கட்சிதான், 2023-ல் பாஜகவிலிருந்து வந்தவர்களைத் திறந்த கதவுடன் வரவேற்று வேட்பாளர்களாக்கியது. குணாவில் அவரை எதிர்க்க அது தேடிப்பிடித்தவரும் கட்சி மாறியவரே. கட்சித் தாவல் என்பது எதிரி செய்தால் துரோகம், நம்மிடம் வந்தால் மனமாற்றம் என்ற இரட்டை அகராதி எல்லாக் கட்சிகளிடமும் இருக்கிறது.

செய்யக்கூடியது என்ன?

மக்கள் பிரதிநிதிக்கு மனமாற்றமே கூடாது என்று எவரும் வாதிட முடியாது. கட்சித் தலைமையின் முடிவுகளைக் கேள்வி கேட்கும் உரிமையை இந்தச் சட்டம் ஏற்கெனவே பெருமளவு பறித்துவிட்டது என்ற விமர்சனமும் வலுவானது. காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து 2019 ஆகஸ்டில் நீக்கப்பட்டபோது, சிந்தியா தம் கட்சியின் நிலைக்கு மாறாக அதை வெளிப்படையாக ஆதரித்தார். அத்தகைய கருத்து வேறுபாடு ஜனநாயகத்துக்குத் தீங்கானதல்ல. தீங்கு, வேறுபாட்டின் முடிவில் பதவி பரிசாகக் கிடைப்பதில் இருக்கிறது.

அந்தப் பரிசைத் தடுக்கும் யோசனைகள் பல ஆண்டுகளாகக் கோப்புகளில் உறங்குகின்றன. தகுதிநீக்க முடிவைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்து, தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவு செய்ய வேண்டும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-ல் பரிந்துரைத்தது. கட்சி தாவியவர் அவையின் எஞ்சிய காலம் முழுவதும் அமைச்சர் உள்ளிட்ட எந்த ஆதாயப் பதவியும் வகிக்கக் கூடாது என்று நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான ஆணையம் 2002-ல் கூறியது. சுதந்திரமான தீர்ப்பாயம் ஒன்றை நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்று மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், அதாவது போபால் அரசு கவிழ்வதற்கு இரண்டே மாதங்களுக்கு முன், யோசனை தெரிவித்தது.

இவற்றில் ஒன்றை மட்டும் விரிவுபடுத்தினாலே நிலைமை மாறும். தாமாகப் பதவி விலகி வேறு கட்சியில் சேரும் உறுப்பினர், மீண்டும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும்வரை அமைச்சராகவோ வேறு அரசுப் பதவியிலோ அமரக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி 2020-ல் இருந்திருந்தால், சிந்தியாவின் ஆதரவாளர்கள் வாக்காளர் முன் அமைச்சர்களாக அல்ல, சாதாரண வேட்பாளர்களாக நின்றிருப்பார்கள். அவர்களில் 18 பேர் அப்போதும் வென்றிருக்கக்கூடும். அந்த வெற்றியில் எவரும் குறை காண முடிந்திருக்காது.

அந்த வரியைச் சேர்க்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. அங்கே ஆளும் வரிசையிலும் எதிர் வரிசையிலும் கட்சி மாறி வந்தவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். எந்தக் கட்சியும் அதை முதலில் முன்மொழிய முன்வராததற்குக் காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாளை தனக்கும் தேவைப்படலாம் என்று கருதும் கதவை எவரும் இன்றே தாழிட விரும்புவதில்லை. குணாவில் 2024-ல் கண்ட சின்னமாற்றம் மற்ற தொகுதிகளிலும் தொடரும்வரை, 2018-ல் ஓர் அரசைத் தேர்ந்தெடுத்து 2020-ல் வேறோர் அரசைப் பெற்ற வாக்காளரின் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எந்தக் கட்சிக்கும் நினைவுக்கு வரப்போவதில்லை.